சீனமொழிக்காரருக்கு ஆங்கில வாசிப்பு: சொல்லை எங்கே பிடிப்பது?

ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்யும் சீன மாணவர்களிடையே ஒரு பழைய வேடிக்கை உண்டு. அகரவரிசையில் அச்சடித்த சொற்பட்டியலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது 'அபாண்டன்' என்ற சொல். கைவிடு என்று பொருள். மாணவர் உற்சாகமாகத் தொடங்குவார், சில நாளில் விட்டுவிடுவார், அடுத்த விடுமுறையில் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். இப்படியே போனால் நாடு முழுக்க எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் 'கைவிடு' என்பதாகத்தான் இருக்கும் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

சிரிப்புக்குப் பின்னால் பெரிய சுமை இருக்கிறது. 2001ல் சீனக் கல்வி அமைச்சகம் தொடக்கப் பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தைப் படிப்படியாகக் கொண்டுவரத் தொடங்கியது. பள்ளி முடிவில் எழுதும் காவ்காவ் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மொத்த மதிப்பெண் பெரும்பாலான மாநிலங்களில் 750. அதில் ஆங்கிலத்துக்கு 150, சீனமொழிக்கும் கணக்குக்கும் அதே அளவு. அந்த 150ல் மூன்றில் ஒரு பங்கு வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்குப் போகிறது. தேர்வுக்குச் சுமார் 3,500 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். கல்லூரிக்குப் போனால் 1980களின் பிற்பகுதியிலிருந்து நடந்துவரும் நான்காம் நிலை, ஆறாம் நிலைக் கல்லூரி ஆங்கிலத் தேர்வுகள் காத்திருக்கும், பட்டியலும் நீளும். ஆகவே 'ஆங்கிலம் படிக்கிறேன்' என்று ஒரு சீன மாணவர் சொன்னால் பெரும்பாலும் 'பெய் தான்ட்சு' செய்கிறார், அதாவது சொற்களை உருப்போடுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு உழைத்தும் ஒரு பக்கம் ஆங்கிலத்தை நிம்மதியாக வாசிக்க முடியாமல் பலர் திணறுகிறார்கள். அவர்களுக்கு உழைப்பும் குறைவில்லை, நினைவாற்றலும் குறைவில்லை. சீனத்தில் ஒரு சொல் இயங்கும் விதம் வேறு, ஆங்கிலத்தில் இயங்கும் விதம் வேறு. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் சீனம் என்று எழுதிய பட்டியல் அந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனமொழி பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும், மொழி கற்பதில் ஆர்வம் உள்ள எவருக்கும், இந்த வேறுபாட்டை அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

மாட்டிலிருந்து தொடங்குவோம்

சீனத்தில் மாட்டுக்கு 'நியூ'. இறைச்சிக்கு 'ரோ'. மாட்டிறைச்சி 'நியூரோ'. சின்ன என்பதற்கு 'சியாவ்', ஆகவே கன்றுக்குட்டி 'சியாவ்நியூ'. ஆண் விலங்கைக் குறிக்கும் 'குங்' சேர்த்தால் காளை, பெண் விலங்கைக் குறிக்கும் 'மு' சேர்த்தால் பசு. பன்றி 'ஜூ' என்பதால் பன்றி இறைச்சி 'ஜூரோ' என்று கேட்காமலே சொல்லிவிடலாம். ஒரு குழந்தை நான்கைந்து துண்டுகளைக் கற்றுக்கொண்டால் பத்துப் பதினைந்து சொற்கள் தாமாகவே கைக்கு வரும்.

இப்போது ஆங்கிலத்துக்கு வாருங்கள். கௌ, புல், காஃப், பீஃப். பிக், போர்க். ஷீப், லேம்ப், மட்டன். ஒன்றுக்கொன்று முகச்சாடையே இல்லை. பதினொன்றாம் நூற்றாண்டில் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தன, தொழுவத்தில் பழைய ஆங்கிலச் சொற்களே நின்றுவிட்டன. அந்த வரலாறு சுவையானதுதான். ஆனால் குவாங்சோவில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. அந்தப் பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகச் சுமக்க வேண்டியிருக்கிறது.

மாதங்களும் அப்படியே. சீனத்தில் ஒன்றாம் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்ணிக்கொண்டே போகலாம். கிழமைகளில் திங்கள் முதல் சனி வரை ஒன்று முதல் ஆறு. ஆங்கிலத்தில் பன்னிரண்டு மாதப் பெயர், ஏழு கிழமைப் பெயர், மொத்தம் பத்தொன்பது சொற்கள். எழுத்துக்கூட்டலும் எளிதல்ல, பிப்ரவரியையும் புதன்கிழமையையும் ஆங்கிலத்தில் தப்பில்லாமல் எழுத ஆங்கிலேயப் பிள்ளைகளே தடுமாறுவார்கள். கணினிக்குச் சீனத்தில் 'மின் மூளை', தொலைபேசிக்கு 'மின் பேச்சு', ரயிலுக்கு 'நெருப்பு வண்டி'. புதிய சொல்லைப் பார்த்ததும் உள்ளே இருக்கும் துண்டுகளைப் பிரித்துப் பொருளை ஊகிக்கலாம் என்ற நம்பிக்கை சீனமொழிக்காரருக்குச் சிறு வயதிலிருந்தே ஊறியது. ஆங்கிலம் அந்த நம்பிக்கையைப் பாதி வழியில் காலை வாரிவிடுகிறது.

ஐரோப்பிய மொழிக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஸ்பானியர் ஒருவர் ஆங்கிலச் செய்தித்தாளைத் திறந்தால், தன் மொழியிலும் இருக்கும் லத்தீன் வழிச் சொற்கள் ஆயிரக்கணக்கில் கண்ணுக்குத் தெரியும். சீனமொழிக்காரருக்கு அப்படிக் கிடைப்பவை மிகக் குறைவு. சோஃபா 'ஷாஃபா' ஆகவும், காபி 'காஃபெய்' ஆகவும் சீனத்துக்குப் போயிருக்கின்றன. சீனத்திலிருந்து வந்த 'டீ', 'டோஃபு' போன்றவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. (ஃபூஜியன் கரையோரத்தில் தேநீரைத் 'தே' என்பார்கள். நம் தேயிலையின் முதல் எழுத்துகூட அங்கிருந்து கப்பலேறியதுதான்.) இவற்றை எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகாது. ஆகவே சீனமொழிக்காரர் ஏறும் படி உண்மையிலேயே உயரமானது என்பதை ஆசிரியர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஏன் இன்னும் வரவில்லை' என்று கேட்பதை நிறுத்துவதற்கு இது ஒன்றே போதும்.

எழுத்தைப் பார்த்தால் ஒலி வர வேண்டும்

வாசிப்பு கண்ணால் மட்டும் நடப்பதில்லை. எழுத்தைப் பார்த்ததும் மனதுக்குள் ஒலி எழ வேண்டும், அந்த ஒலிதான் சொல்லை நினைவில் உட்கார வைக்கிறது. சீன எழுத்துகளிலும் ஒலிக் குறிப்பு உண்டு. பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பக்கம் பொருளையும் மறுபக்கம் ஒலியையும் சுட்டும். ஆனால் அது முழு அசையைக் குறிக்கும், அதுவும் தோராயமாக. க் என்ற மெய்யையும் ஆ என்ற உயிரையும் தனித்தனியாகப் பிரித்துக் கூட்டும் பழக்கத்தை அந்த எழுத்து தருவதில்லை.

இங்கே சீனமொழிக்காரர் எல்லாரையும் ஒரே கூடையில் போடக் கூடாது. பெருநிலச் சீனாவில் 1958 முதல் 'பின்யின்' என்ற ரோமன் எழுத்து முறை இருக்கிறது. முதல் வகுப்பிலேயே பிள்ளைகள் அதைக் கற்றுத்தான் சீன எழுத்துகளுக்கு ஒலி தெரிந்துகொள்கிறார்கள். தைவானில் அதற்கென்றே தனிக் குறியீடுகள் உண்டு. ஹாங்காங் பள்ளிகளிலோ எழுத்தைப் பார், சொல், எழுது என்ற முறையே நெடுங்காலம் நடந்தது, ஒலிக்குறி இடையில் வரவில்லை. 1996ல் அலிசன் ஹோம், பார்பரா டாட் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக மாணவர்களிடையே இதைச் சோதித்தது. ஹாங்காங்கிலிருந்து வந்தவர்கள் தெரிந்த ஆங்கிலச் சொற்களை நன்றாகவே வாசித்தார்கள். பொருளே இல்லாமல் புதிதாகக் கட்டிய சொற்களைக் கொடுத்தபோது தடுமாறினார்கள். அவர்கள் ஆங்கிலச் சொல்லை ஒரு முழு உருவமாகப் பார்த்துப் பழகியவர்கள், பிரித்துக் கூட்டும் பழக்கம் குறைவு. புதுச் சொல் ஒவ்வொன்றும் அவர்களுக்குப் புதுப் படம்.

பின்யின் தெரிந்தவர்களுக்கு வேறொரு சிக்கல். எழுத்து அதே எழுத்துதான், ஒலி வேறு. ஆங்கிலத்தில் 'கேன்' என்று வாசிக்கும் மூன்று எழுத்துகளைப் பின்யினில் 'ட்சான்' என்று வாசிக்க வேண்டும். பெண்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும் 'விமென்' என்ற சொல்லின் அதே ஐந்து எழுத்துகள் பின்யினில் 'வோமன்', பொருள் 'நாங்கள்'. தொடக்க வகுப்பில் பிள்ளை இதைக் குழப்பிக்கொண்டால் அதைக் கவனக்குறைவு என்று திட்டக் கூடாது.

ஒலி பிடிபடாதபோது மாணவர்கள் குறுக்கு வழி தேடுவார்கள். ஆங்கிலச் சொல்லின் தலைக்கு மேல் அதே மாதிரி ஒலிக்கும் சீன எழுத்துகளை எழுதிக்கொள்வது பழைய வழக்கம். 'தேங்க் யூ' என்பதற்கு 'சான் கெ யோ' என்று எழுதுவார்கள், நேரடிப் பொருள் 'மூன்று கிராம் எண்ணெய்'. வேறு சிலர் எழுத்துகளைத் தனித்தனியாக உச்சரித்தே சொல்லை மனப்பாடம் செய்வார்கள். இரண்டிலும் சொல்லின் உண்மையான ஒலி மனதில் தங்காது. ஒலி தங்காத சொல்லை வாசிக்கும்போது ஒவ்வொரு முறையும் கண் தடுக்கும், வேகமும் விழும்.

தீர்வு மிகச் சாதாரணமானது. ஆங்கிலத்தில் அடிக்கடி சேர்ந்து வரும் எழுத்துக் கூட்டங்களை முதல் சில மாதங்களில் ஒலியோடு பழக்க வேண்டும். 'நைட், லைட், ஃபைட், ரைட்' என்று ஒரே வால் உள்ள சொற்களை ஒரு குடும்பமாக வாசிக்க வைத்தால் துண்டு மனதில் நிற்கும். அப்புறம், ஒலிப்பதிவோடு கூடிய எளிய கதைகளைக் காதில் கேட்டுக்கொண்டே கண்ணால் தொடர வேண்டும். வாசிப்பு வகுப்பில் காதுக்கு வேலை எதற்கு என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. சீனமொழிக்காரருக்கு இந்தப் பயிற்சி மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும்.

எத்தனை சொல் தெரிந்தால் வாசிக்கலாம்?

எல்லாச் சொல்லும் ஒரே மதிப்புள்ளவை அல்ல. சில சொற்கள் வரிக்கு வரி வரும், சில சொற்கள் வருடத்துக்கு ஒருமுறைகூட வராது. இந்த எளிய உண்மையைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் பணியாற்றியவர், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கத் திணறுவதைப் பார்த்து, சொற்களைக் கட்டுப்படுத்தி எழுதிய வாசிப்புப் புத்தகங்களை உருவாக்கினார். 1953ல் அவர் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் சுமார் 2,000 தலைச்சொற்கள் இருந்தன. அந்த 2,000 தெரிந்தால் சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கு தெரிந்த சொற்களாகவே இருக்கும். அகரவரிசைப் பட்டியல் செய்யும் பெரிய அநியாயம் இங்கேதான். 'அபாண்டன்' முதலில் வருவது அதன் எழுத்துகளால்தான், அது அவசரமாகத் தேவைப்படும் சொல் என்பதால் இல்லை.

ஐந்தில் நான்கு பங்கு என்று கேட்க நன்றாக இருந்தாலும் வாசிப்புக்கு அது போதாது. 300 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 80 விழுக்காடு தெரிந்தால் 60 சொற்கள் தெரியாது. வரிக்கு இரண்டு இடத்தில் நிற்க வேண்டும், கதை கையில் நிற்காது. 95 விழுக்காடு தெரிந்தால் 15 சொற்கள் தெரியாது, அகராதி துணையோடு ஓட்டலாம். 98 விழுக்காடு தெரிந்தால் பக்கத்துக்கு ஆறு சொற்கள்தான் புதியவை, அவற்றையும் சுற்றியுள்ள வாக்கியமே விளக்கிவிடும். அகராதி இல்லாமல் வாசிக்க இந்த 98 வேண்டும் என்பது நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷனும் அவருடைய சகாக்களும் ஆய்ந்து சொன்ன அளவு. நாவல், செய்தித்தாள் போன்றவற்றில் அந்த அளவை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்றும் 2006ல் அவர் கணக்கிட்டார். ஒரு சொல்லும் அதன் பல வடிவங்களும் சேர்ந்ததுதான் சொற்குடும்பம்.

காவ்காவ் முடித்தவரிடம் இருப்பது 3,500. தேவைப்படுவது அதைப் போல இரு மடங்குக்கும் மேல். இந்த இடைவெளியைப் பட்டியலால் நிரப்பலாம் என்று பலர் பத்து வருடம் முயற்சி செய்கிறார்கள். எனக்குச் சரியாகப் படும் வழி வேறு: தன் நிலைக்கு ஏற்ற புத்தகத்தை எடுத்து, 98 விழுக்காடு தெரிந்த உரையை, மிக அதிகமாக வாசிப்பது. இதற்கென்றே நிலைவாரியாகச் சொற்களைக் கட்டுப்படுத்திய கதைப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959ல் தொடங்கிய எளிய ஆங்கில ஒலிபரப்பு சுமார் 1,500 சொற்களுக்குள் செய்தி சொன்னது, வேகத்தையும் குறைத்தது. சீனாவில் ஒரு தலைமுறையே அதைக் கேட்டும் அதன் எழுத்து வடிவத்தை வாசித்தும் ஆங்கிலம் தேற்றியது.

இதில் பெரிய தடை கௌரவம். கல்லூரி மாணவரிடம் 1,000 சொல் நிலைக் கதையைக் கொடுத்தால் 'இது சின்னப் பிள்ளைகளுக்கு' என்று ஒதுக்கிவிடுவார். அவர் கையில் கடினமான கட்டுரை இருக்கும், அதில் ஒரு பத்தியை ஒரு மணி நேரம் உடைத்துக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரத்தில் நூறு சொற்களைத் தோண்டி எடுப்பதற்கும், அதே நேரத்தில் ஐயாயிரம் சொற்களைத் தாண்டிப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு யாராவது உட்கார்ந்து காட்ட வேண்டும். அடிக்கடி வரும் சொற்கள் பத்து இடத்தில், பத்து விதமான துணையோடு, மறுபடி மறுபடி கண்ணில் பட்டால்தான் நிலைக்கும்.

வாக்கியம் தலைகீழாகும் இடம்

சொல் எல்லாம் தெரிந்தும் வாக்கியம் புரியாத நிலை ஒன்று இருக்கிறது. சீனமொழிக்காரர் அதில் அடிக்கடி மாட்டிக்கொள்வார். ஒரு வாக்கியத்தைக் கிட்டத்தில் பார்ப்போம்:

'த டீச்சர் ஹூ டாட் மை சிஸ்டர் லிவ்ஸ் நியர் த ஸ்டேஷன்.'

தமிழில் சொன்னால், 'என் அக்காவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்'. விவரம் முதலில், ஆசிரியர் பிறகு. சீனத்திலும் இதே வரிசைதான்: 'என் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்த' என்ற பகுதி முன்னால் வந்து, 'தெ' என்ற இணைப்பசை சேர்ந்து, அப்புறம்தான் ஆசிரியர் வருவார். இந்த ஒரு விஷயத்தில் தமிழரும் சீனரும் ஒரே பக்கம். ஆங்கிலம் ஆசிரியரை முதலில் நிறுத்திவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடுகிறது. சொல் சொல்லாகப் பெயர்த்துக்கொண்டே போகும் மாணவர் 'சிஸ்டர் லிவ்ஸ்' என்ற இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததும் அக்காதான் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிறாள் என்று முடிவு செய்துவிடுவார். சொற்கள் அத்தனையும் அவருக்குத் தெரியும், பொருள் மட்டும் கைநழுவிப் போயிருக்கும்.

காலமும் இப்படித்தான். சீன வினைச்சொல் காலத்துக்காக உருமாறுவதில்லை. நேற்று, நாளை, ஏற்கனவே போன்ற சொற்களும், செயல் முடிந்ததைக் காட்டும் 'லெ' போன்ற அசைகளும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அது குறை இல்லை, அவர்கள் மொழியில் எதுவும் விட்டுப்போவதும் இல்லை. ஆனால் ஆங்கிலம் வாசிக்கும்போது வினையின் வாலைக் கண் கவனிக்காமல் தாண்டிவிடும். 'வென் த போலீஸ் அரைவ்ட், த தீஃப் எஸ்கேப்ட்' என்றால் போலீஸ் வந்ததும் திருடன் ஓடினான். 'த தீஃப் ஹேட் எஸ்கேப்ட்' என்றால் அவர்கள் வரும் முன்பே ஓடிவிட்டான். 'ஹேட்' என்ற ஒரு சின்னச் சொல்லில் வழக்கே மாறிவிடுகிறது. தேர்வில் வாசிப்புப் பகுதிக் கேள்விகள் இந்த இடங்களில்தான் கண்ணி வைக்கும்.

நிகழ்ச்சிகளின் வரிசையும் கவனிக்க வேண்டியது. சீனம் பொதுவாக நடந்த வரிசையிலேயே சொல்லும்: முதலில் நடந்தது முதலில். ஆங்கிலம் 'ஷீ கால்ட் ஹர் மதர் ஆஃப்டர் ஷீ காட் த ரிசல்ட்' என்று பின்னால் நடந்ததை முன்னால் வைக்கத் தயங்காது. தொடக்கநிலை மாணவர் அம்மாவுக்குப் போன் செய்த பிறகு முடிவு வந்தது என்று எடுத்துக்கொண்டால் ஆச்சரியமில்லை.

இதற்குச் சீனப் பயிற்சி வகுப்புகளில் 'நீண்ட கடின வாக்கியம்' என்று தனிப் பாடமே நடத்துகிறார்கள், கிளை கிளையாக வாக்கியத்தை வரைபடம் போடுவார்கள். தேர்வுக்கு அது உதவலாம். தினசரி வாசிப்புக்கு இன்னும் எளிய பழக்கம் போதும்: வாக்கியத்தின் முக்கிய வினையை முதலில் தேடிப் பிடி, பிறகு அந்த வினை யாருடையது என்று கேள். மேலே உள்ள வாக்கியத்தில் 'லிவ்ஸ்' யாருடைய வினை? 'ஹூ' தொடங்கிய இடத்திலிருந்து 'சிஸ்டர்' வரை விரலால் மறைத்துவிட்டு வாசித்தால் 'த டீச்சர் லிவ்ஸ் நியர் த ஸ்டேஷன்' என்று தெளிவாக நிற்கும். நூறு வாக்கியத்தில் இப்படி விரல் வைத்துப் பார்த்த மாணவருக்கு நூற்றியொன்றாவது வாக்கியத்தில் விரல் தேவைப்படாது.

சொல்லின் துணைகள்

சீனத்தில் 'காய்' என்று ஒரு வினை. கதவைக் 'காய்' செய்யலாம், விளக்கைக் 'காய்' செய்யலாம், காரையும் கூட்டத்தையும் கூட. ஆங்கிலம் இந்த நான்குக்கும் நான்கு வேறு வினை கேட்கும்: ஓபன், டர்ன் ஆன், டிரைவ், ஹோல்ட். பட்டியலில் 'காய் என்றால் ஓபன்' என்று படித்தவர் 'ஓபன் த லைட்' என்று சொல்வது இதனால்தான். மருந்தையும் சீனத்தில் சாப்பிடுவார்கள், தமிழிலும் சாப்பிடுகிறோம், ஆங்கிலத்தில் மட்டும் 'டேக்' செய்ய வேண்டும்.

வாசிப்பில் இது இன்னும் மறைவாகப் படுத்தும். 'டேக் என்றால் எடு' என்று மட்டும் தெரிந்தவர் முன்னால் டேக் எ பஸ், டேக் நோட்ஸ், டேக் எ ஷவர் என்று வரிசையாக வந்தால் என்ன செய்வார்? அதைவிட மோசம் 'புட் ஆஃப்' (தள்ளிப்போடு), 'லெட் டவுன்' (ஏமாற்றமளி), 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்) போன்ற கூட்டுவினைகள். ஒவ்வொரு துண்டும் முதல் வகுப்புச் சொல். ஆகவே தெரியாத சொல் ஒன்று எதிரே நிற்கிறது என்பதே மாணவருக்கு உறைக்காது, அகராதியையும் திறக்கமாட்டார். சீன மாணவர்கள் இத்தகைய கூட்டுவினைகளைப் பயன்படுத்தாமல் தவிர்க்கிறார்கள் என்பதை 2004ல் வெளியான லியாவ், ஃபுகுயா இருவரின் ஆய்வு காட்டியது. 'புட் ஆஃப்' சொல்ல வேண்டிய இடத்தில் 'போஸ்ட்போன்' என்று நீளச் சொல்லைத் தேடுவார்கள். சீனத்தில் இப்படி ஓர் அமைப்பு இல்லாததும் இதற்கு ஒரு காரணம்.

எனவே சொல் அட்டை எழுதுபவர்கள் ஒற்றைச் சொல்லை எழுதாமல், வாசித்த இடத்தில் அது எந்தத் துணையோடு வந்ததோ அந்தத் தொடரையே எழுத வேண்டும். 'மெடிசின்' என்று எழுதினால் பாதிதான் கிடைக்கும். 'டேக் த மெடிசின் ஆஃப்டர் மீல்ஸ்' என்று மருந்துப் புட்டியில் பார்த்ததை அப்படியே எழுதினால் நான்கைந்து விஷயம் ஒன்றாக வந்து சேரும். அட்டையின் பின்பக்கம் சீனத்தில் பொருள் எழுதலாமா? தாராளமாக எழுதலாம். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே விளக்கம் படிக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே கட்டாயப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. 3,000 சொற்கள் தாண்டியவர் அப்படிச் செய்யட்டும், அதற்கு முன்னால் தாய்மொழிப் பொருள்தான் வேகமான வழி.

மறதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே தன்னைத் தானே சோதித்து, படித்தது முதல் சில மணி நேரத்தில் வேகமாக மறக்கிறது, பிறகு மெதுவாக மறக்கிறது என்று காட்டினார். அவர் பெயரில் இன்று நாள், இரண்டு நாள், நான்கு நாள், ஏழு நாள் என்று அட்டவணை போட்ட நோட்டுப் புத்தகங்களே சீனாவில் விற்கின்றன, கைப்பேசிச் செயலிகளும் அதே கணக்கில் சொற்களைத் திருப்பிக் காட்டுகின்றன. இடைவெளி விட்டுத் திருப்புவது நல்லதுதான். ஆனால் செயலியில் ஒரு நாளைக்கு நூறு சொல் தட்டி முடித்துவிட்டுப் புத்தகத்தைத் தொடாமல் தூங்கப் போனால், சொல்லுக்கும் வாக்கியத்துக்கும் உறவே ஏற்படாது. செயலிக்குப் பதினைந்து நிமிடம், புத்தகத்துக்கு முப்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வது என் சிபாரிசு.

சீனக் கண்ணுக்குப் பழகிய ஒரு வழி

சீனமொழி தரும் பெரிய சாதகம் ஒன்றும் இருக்கிறது. சீன எழுத்தில் இடப்பக்கம் மூன்று நீர்த்துளிக் கோடுகள் இருந்தால், ஆறோ ஏரியோ கடலோ கழுவுவதோ, ஏதோ ஒரு வகையில் தண்ணீர் சம்பந்தப்பட்டது என்று பிள்ளைக்குத் தெரியும். இந்தக் கண்ணை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுவரலாம். 'போர்ட்' என்ற லத்தீன் வேருக்குச் சுமத்தல் என்று பொருள். எக்ஸ்போர்ட் வெளியே சுமந்துபோவது, இம்போர்ட் உள்ளே சுமந்துவருவது, டிரான்ஸ்போர்ட் இடம்விட்டு இடம், போர்ட்டபிள் கையில் சுமக்கக்கூடியது. 'ஸ்பெக்ட்' என்றால் பார்வை: இன்ஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர், ப்ராஸ்பெக்ட். 1993ல் பெய்ஜிங்கில் நியூ ஓரியண்டல் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கிய யூ மின்ஹோங், அமெரிக்காவில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கான கடினச் சொற்களை இப்படி வேர் வேராகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தே பேர் வாங்கினார். அது சீனாவில் அவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டதற்கு, மாணவர்களின் கண் ஏற்கனவே அதற்குப் பழகியிருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லைகளும் உண்டு. இந்த வழி கல்விசார் சொற்களுக்கும் நீளமான சொற்களுக்கும்தான் நன்றாக உதவும். அவெரில் காக்ஸ்ஹெட் 2000ல் வெளியிட்ட 570 சொற்குடும்பங்கள் கொண்ட கல்விச் சொற்பட்டியலில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்க வழி வந்தவை, அங்கே கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தலாம். அன்றாடச் சொற்களில் காலை வாரும். 'அண்டர்ஸ்டாண்ட்' கீழே நிற்பது இல்லை. 'இன்' முன்னால் வந்தால் எதிர்மறை என்று படித்தவர் 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பில்லாதது என்று நினைப்பார், உண்மையில் விலைமதிப்பற்றது. 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதிய டப்பா தீப்பிடிக்காது என்று நம்பினால் ஆபத்து, அது எளிதில் தீப்பிடிக்கும். வேரைக் கொண்டு ஊகித்துவிட்டு, வாக்கியத்தில் பொருந்துகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

எதை வாசிப்பது?

தெரிந்த விஷயத்தை வாசிப்பதுதான் முதல் படி. 1981 முதல் வெளிவரும் சைனா டெய்லி போன்ற ஆங்கில நாளிதழ்கள் இதற்கு வசதி. சந்திரப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் கூட்டம், காவ்காவ் நாளில் தேர்வு மையத்துக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர் என்று செய்தியின் உள்ளடக்கம் மாணவருக்கு ஏற்கனவே தெரியும். தெரியாத சொல்லைப் பொருளே இழுத்துக்கொண்டு போகும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் பின்யினில் இருப்பதால் கண் அங்கங்கே கால் ஊன்றிக்கொள்ளலாம். சில வாரம் ஒரே துறைச் செய்தியை மட்டும், கூடைப்பந்து என்றால் கூடைப்பந்து மட்டும், தொடர்ந்து வாசித்தால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

செய்தியில் எண்கள் வரும் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். சீனம் பத்தாயிரத்தை 'வான்' என்றும் பத்துக் கோடியை 'ஈ' என்றும் எண்ணும். ஒரு மில்லியன் என்றால் நூறு வான், 1.4 பில்லியன் என்றால் 14 ஈ. லட்சத்திலும் கோடியிலும் வளர்ந்த நமக்கு இந்தத் தொல்லையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. எண்ணை வாசித்ததும் சீன அளவில் ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

நிலைவாரிப் புத்தகங்களில் 3,000 சொல் நிலையை வசதியாக வாசிக்க முடிந்தால் அசல் நாவலுக்குப் போகலாம். ஏற்கனவே சீன மொழிபெயர்ப்பில் வாசித்த கதையாக எடுத்தால் பாதிப் பாரம் குறையும். முதல் இரண்டு மூன்று அத்தியாயங்கள் கடினமாகவே இருக்கும், எழுத்தாளர் தன் உலகத்துச் சொற்களை அங்கேதான் கொட்டுவார். அந்தச் சொற்களை மட்டும் அகராதியில் பார்த்துத் தொடரோடு எழுதிக்கொண்டு மேலே போக வேண்டும், மற்றவற்றைத் தாண்டிவிடலாம். முடித்ததும் வேறு எழுத்தாளருக்குத் தாவாமல் அதே எழுத்தாளரின் இன்னொரு புத்தகத்தை எடுப்பது நல்லது. அவருக்குப் பிடித்த சொற்களும் வாக்கியப் போக்கும் முதல் புத்தகத்திலேயே பழகிவிட்டதால், இரண்டாவதில் பக்கத்துக்கு எத்தனை சொல் தெரியவில்லை என்று எண்ணிப் பார்த்தாலே மாணவருக்குத் தன் முன்னேற்றம் தெரியும்.